சேவை நாழியும் நாலாவது லாக்கும்

மஹாதேவன் கவலைப்படுவதற்கென்றே பிறந்தவர். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டு, பூட்டினோமா என்று பார்க்கத் திரும்பி வருவார். கொல்கத்தாவில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் தணிக்கைப் பிரிவில் வேலை. ஊர் முழுக்கத் தப்பு செய்கிறது என்று நம்புவதற்கு அங்கே சம்பளமும் கொடுத்தார்கள். ஒரு தீபாவளிக்குப் பாயசத்தில் தலைமுடி மிதந்தது என்று பாத்திரத்தோடு கொட்டச் சொன்னவர் அவர். கொட்டிய மனைவி ஷியாமளா அதை இன்னும் மறக்கவில்லை.

இப்படிப்பட்ட மனிதர் தன் மோட்டார் சைக்கிளை மட்டும் எந்த மெக்கானிக்கிடமும் விடமாட்டார். கழற்றுவது கண்ணெதிரில், மாற்றுவது கண்மறைவில் என்பது அவர் கட்சி. சமீபமாக வண்டி காலையில் கிளம்பும்போது நீலப் புகை கக்கியது. மாடி வீட்டு மித்ரா பாபு ஜன்னலைச் சாத்திக்கொண்டே, "எத்தோ தோயா, மஹாதேவன் பாபு!" என்று, இவ்வளவு புகையா என்பதுபோல இருமிக் காட்டினார். புகைக்குக் காரணம் வால்வு சீல் என்று வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டு, புது சீலும் வாங்கி, அந்த ஞாயிற்றுக்கிழமை ஜாதவ்பூர் வீட்டின் பின் வராந்தாவில் எஞ்சின் ஹெட்டைக் கழற்றி வைத்தார்.

வால்வு வேலைக்கென்று தனிக் கருவிகள் உண்டு. மஹாதேவனிடம் ஒன்றும் கிடையாது. அதனால் என்ன? குளியலறைச் சுவரில் துண்டு மாட்டும் ரப்பர் கொக்கியைப் பிடுங்கி ஒரு குச்சியில் சொருகினார்; வால்வைப் பிடித்துச் சுழற்றித் தேய்க்க அது போதும். இடைவெளி பார்க்கும் தகடுக்குப் பதில் சவர பிளேடு. மிச்சம் இருந்தது ஒன்றுதான். வால்வு ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்தால்தான் வால்வைக் கவ்விப் பிடித்திருக்கும் லாக்கை எடுக்க முடியும். அதற்கு மேலிருந்து திருகி இறக்கும் ஒரு சாமான் வேண்டும்.

சமையலறை அலமாரியில் ஷியாமளாவின் சேவை நாழி இருந்தது. மூன்று இரும்புக் கால், நடுவில் வளையம், அதில் உட்காரும் பித்தளைக் குழாய், மேலே கையால் திருகும் கெட்டியான மரை. கல்யாணத்தின்போது அவள் அம்மா மன்னார்குடியிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு வந்தது. அதை அவள் யாருக்கும் இரவல் கொடுத்ததில்லை.

அவள் காய்கறி வாங்கப் போன நேரத்தில் மஹாதேவன் அதை எடுத்துவந்தார். பித்தளைக் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, ஹெட்டை வளையத்தின் மேல் நிறுத்தி, பக்கவாட்டில் வெட்டிய ஒரு குழாய்த் துண்டை ஸ்பிரிங்கின் மேல் வைத்துத் திருகினார். ஸ்பிரிங் சொன்ன பேச்சு கேட்டது. இரண்டு வால்வு, வால்வுக்கு இரண்டு லாக். ஒவ்வொன்றும் பாதி மோதிரம் மாதிரி, மாதுளை முத்தளவு. எல்லாவற்றையும் ஊறுகாய் பாட்டில் மூடியில் போட்டார். நாழியில் ஒட்டிய கிரீஸைப் புளியும் சோப்பும் போட்டுத் தேய்த்துத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார். தன் சாமர்த்தியத்தில் அவருக்கே ஒரு கர்வம்.

வால்வுகளைத் தேய்த்து முடித்து, சீலை மாட்டிவிட்டு, ஊறுகாய் மூடியைப் பார்த்தபோது அதில் மூன்று லாக்தான் இருந்தது.

தரையில் குப்புறப் படுத்துத் தேடினார். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்து வைத்திருந்த காந்தத்தால் வராந்தா முழுவதும் துழாவினார். இரண்டு குண்டூசியும் ஒரு ஹேர்பின்னும் வந்தன. அப்போதுதான் சமையலறையிலிருந்து தேங்காயும் கடுகும் தாளிக்கும் வாசனை அடித்தது. அன்று நடராஜன் மாமாவின் பிறந்தநாள். மாமா வாயைத் திறந்து கேட்டது ஒன்றே ஒன்று, ஷியாமளா கையால் தேங்காய்ச் சேவை. சேவை பிழிந்து, தாளித்து, பெரிய டப்பாவில் நிரப்பியாகிவிட்டது. நாழியும் அலம்பிக் கவிழ்த்தாகிவிட்டது.

நாழியின் அச்சுத் துளை வழியாக இரும்பு இறங்காது என்று தனக்கே சொல்லிப் பார்த்தார். ஆனால் வளையத்தின் அடியில் கிரீஸோடு ஒட்டியிருந்தால்? சூடு பட்டு இளகி, கீழே பிடித்த தட்டில் விழுந்திருந்தால்? சொல்லிவிடலாம் என்று சமையலறை வாசல் வரை போனார். ஷியாமளா திரும்பிப் பார்த்தாள். "தண்ணி குடு" என்று கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வந்தார்.

அவள் புடவை மாற்றப் போனதும் டப்பாவைத் திறந்து காந்தத்தை உள்ளே நீட்டினார். காந்தம் டங்கென்று டப்பாவின் சுவரிலேயே போய் ஒட்டிக்கொண்டது. மலிவு எவர்சில்வர். சேவையும் என்றுமில்லாமல் நொறுங்கி உதிரியாகக் கிடந்தது. இவ்வளவு பதறும்போது அதையெல்லாம் யார் யோசிப்பார்கள்?

லேக் கார்டன்ஸில் இருக்கும் மாமா வீட்டுக்கு ஆட்டோவில் போகும்போது, "டப்பாவ நான் வச்சுக்கறேன், குடு" என்றார்.

"வேண்டாம்" என்று அவள் மடியில் இறுக்கிக்கொண்டாள். வழி முழுக்கப் பிடியை விடவில்லை. சோப்பு வாசனை கண்டுபிடித்துவிட்டாளோ என்று அவருக்கு வியர்த்தது.

நடராஜன் மாமா அப்பாவின் ஆபீஸ் சிநேகிதர். அப்பா தவறியபோது, கல்லூரி முடிக்காத மஹாதேவனைத் தன் வீட்டிலேயே வைத்துப் படிக்க வைத்தவர். இப்போது எண்பது தாண்டியாயிற்று. பல்செட் இருக்கிறது, அது டப்பாவிலேயே இருக்கிறது. மாமா எதையும் மெல்லுவதில்லை, உருட்டி விழுங்குவார். அதனால்தான் அவருக்குச் சேவை பிடிக்கும்.

மாமாவின் மகள் ரஞ்சனா தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். மாமா ஒரு கவளம் உருட்டி உள்ளே தள்ளினார். தொண்டை மேலும் கீழும் ஏறி இறங்கியது. மஹாதேவன் தானும் எச்சில் விழுங்கினார். கூர் முனை உள்ள இரும்பு. இந்த வயதில், இந்தத் தொண்டையில். தன்னை ஆளாக்கிய மனிதரைத் தானே கொன்றுவிடப் போகிறோம் என்று பட்டது. மாமா இரண்டாவது கவளத்தை உருட்டினார்.

"மாமா!"

மஹாதேவன் பாய்ந்து தட்டின் மேல் கையை வைத்தார். கை சேவையில் படவில்லை. வளையல் போட்ட இன்னொரு கையின் மேல் பட்டது.

"இருங்கோ மாமா, சாப்டாதேங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் ஷியாமளா. கணவனைப் பார்த்து, "திட்டாதேங்கோ" என்றாள். "நாழி ஒடஞ்சு போச்சு. சேவையெல்லாம் பிழிஞ்சுட்டு அலம்பறச்சே மரைல இது ஒட்டிண்டிருந்தது. பாதி வளையம். மீதிப் பாதியக் காணும். சேவைல விழுந்துடுத்தோன்னு பெசஞ்சு பெசஞ்சு பாத்துட்டேன். உங்ககிட்ட சொன்னா அத்தனையும் கொட்டச் சொல்லுவேள். மாமா ஆசையாக் கேட்டாரேன்னு…"

கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே நாலாவது லாக் இருந்தது.

மஹாதேவனுக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. மீதிப் பாதி ஊறுகாய் மூடியில் பத்திரமாக இருக்கிறது. மாமா பிழைத்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் தானும் பிழைக்கலாம். மரை பழசு, தேய்ந்துவிட்டது என்று சொன்னால் தீர்ந்தது. ஆனால் அம்மா கொடுத்த நாழி போயிற்று என்று அவள் கண் நிறைந்திருந்தது. ஊரார் தப்பையெல்லாம் பிடிக்கும் மனிதருக்கு அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வரவில்லை.

"நாழி ஒடையலடி" என்றார். "அது என் வண்டியோடது."

"என்னடா வண்டி?" என்றார் மாமா, கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டே. அவருக்குக் காதும் மந்தம்.

ஷியாமளா கணவனை மேலும் கீழும் பார்த்தாள். கண்ணீர் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "அதான் காத்தால நாழி பளபளன்னு இருந்துதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவர் தலையை ஆட்டினார்.

"சாப்டுங்கோ மாமா, ஒண்ணுமில்ல" என்று அவள் மாமாவின் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள். லாக்கைக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் சொருகினாள். மஹாதேவன் அதற்காக நீட்டிய கையை அவள் பார்க்கவே இல்லை.

"ஆத்துக்கு வாங்கோ" என்றாள்.

மாமா தட்டை வழித்து முடித்து ஏப்பம் விட்டார். மஹாதேவன் அவசரமாக டப்பாவைத் தன் பக்கம் இழுத்தார்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்கோ மாமா" என்றார். "என்ன அவசரம்? நிதானமா சாப்டுங்கோ."