மூத்தாளின் சாவி

கடையில் சித்தி தையல் மெஷினை விட்டு எழாமலேயே கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை உனக்கு என்ன வேலை?"

"ஒண்ணும் இல்ல சித்தி."

"அப்ப எங்கூட வா. பைக் ராலிக்குப் போறோம்."

"நீங்க சித்தப்பா வண்டியில போயிடுவீங்க. நான் எதுல வர்றது?"

"நானா? அவரு வண்டியிலயா?" மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அன்னைக்கு அவரும் மூத்தாளும் மட்டும்தான்டி. பொண்டாட்டி, பிள்ளைங்க, சாப்பாடு, பங்க்சர் ஒட்டுற சாமான், எல்லாம் பின்னாடி வேன்ல."

"வருஷா வருஷம் போக மாட்டேன்னு சொல்லுவீங்களே?"

"இந்த வருஷம் போறேன். அங்க என்னதான் நடக்குதுன்னு பாக்கணும். போயிட்டு வந்து ஒரு வாரம் மனுஷன் சிரிச்சுக்கிட்டே இருக்காரு. என்னைப் பாத்து இல்ல. சுவத்தப் பாத்து."

"பொறாமையா சித்தி?"

"பின்ன இருக்காதா? நான் தைக்கிற சீட்டு. அதுல ஒரு நாள்கூட நான் முன்னாடி உக்காந்ததில்ல." நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். "டிபன் டப்பா ஒண்ணு எடுத்துக்கிட்டு வா. அவங்க வேன்ல குடுக்கிற சாப்பாடு வாயில வைக்க முடியாதாம்."

மூத்தாள் என்று சித்தி சொன்னது சித்தப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளை. கல்யாணத்துக்கு முன்பே அது அவரிடம் இருந்தது. "நான் இளையாளா வாழ்க்கைப்பட்டேன்" என்று சித்தி வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாள். அவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். ஆனால் முன்னறையில் பாதி இடம் மூத்தாளுக்குத்தான். சித்தி தையல் மெஷினை வீட்டில் போட ஆசைப்பட்டபோது அதற்கு இடமில்லாமல் போனது அதனால்தான். எனவே அவள் இரண்டு தெரு தள்ளி, வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டைவிட அந்தக் கடையில்தான் அவளை அதிகம் பார்த்திருக்கிறேன். பழைய உறையைக் கழற்ற ஸ்டேப்ளர் பின்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுப்பாள், அமுங்கிப்போன ஸ்பாஞ்சை மாற்றுவாள், ரெக்சினை வெட்டித் தைத்து இழுத்துப் பிடித்து அடிப்பாள். இழுத்து இழுத்து அவள் வலது கட்டைவிரல் சற்றே வெளிப்பக்கம் வளைந்துவிட்டது.

மூத்தாளின் சாவி சித்தப்பாவின் சட்டைப் பையில் இருக்கும். சட்டை மாற்றினால் சாவியும் அந்தப் பைக்கு மாறும். கல்யாணமான புதிதில் சித்தி ஒருமுறை, "நான் ஒரு தடவ ஓட்டிப் பாக்கட்டுமா?" என்று கேட்டாளாம். "அது பழகாத கைக்குக் கேக்காது" என்றாராம் சித்தப்பா. பிறகு அவள் கேட்கவில்லை. மறக்கவும் இல்லை.

ராலி நடந்த இடம் ஊருக்கு வெளியே, மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலையின் மைதானம். வேனில் போகும்போது சித்தி ஜன்னலோரம் உட்கார்ந்து, முன்னால் போகும் வண்டிகளில் மூத்தாளை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள். வெயிலில் அதன் புதுச் சீட் பளபளத்தது. அந்த வாரம் முழுவதும் அவள் தைத்த சீட்.

"பாரு, அதுமேல எப்படி நிமுந்து உக்காந்திருக்காரு. வீட்ல நாற்காலியில உக்காந்தா மூட்ட மாதிரி சரிஞ்சு கிடப்பாரு" என்றாள்.

மைதானத்தில் இறங்கியதும் ஆளாளுக்கு அவளை "சீட்டக்கா" என்று கூப்பிட்டு நலம் விசாரித்தார்கள். பாதி வண்டிகளுக்கு அவள்தான் தைத்திருந்தாள். சித்தி எல்லாருக்கும் பதில் சொன்னாலும் கண் சித்தப்பாவிடமே இருந்தது. அவர் யாரோடோ தோளில் தட்டிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவர் அத்தனை பேசி நான் பார்த்ததில்லை. சித்தியும் பார்த்ததில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

பிறகு ஒலிபெருக்கியில் பைக் சங்கத் தலைவர் பேசினார். பாதி இங்கிலீஷில் அவர் பேசியது சித்திக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டாள். ஆண்டுதோறும் அங்கே ஒரு வழக்கம் உண்டாம். எல்லாரும் அவரவர் சாவியை ஒரு பெரிய ஹெல்மெட்டில் போட வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். கையில் வந்த சாவி எந்த வண்டியுடையதோ, அதில் மைதானத்தை ஒரு சுற்று வரலாம்.

"எல்லாரும்னா?"

"சாவி போடுற எல்லாரும்."

"அவருமா போடுவாரு?"

நான் பதில் சொல்வதற்குள் சித்தப்பா சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து ஹெல்மெட்டில் போட்டார். போட்டுவிட்டுச் சிரித்தார். சித்தி என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலித்தது.

மூத்தாளின் சாவி பல் டாக்டர் அம்மாவுக்கு வந்தது. அவர் அந்த வருஷம்தான் சங்கத்தில் சேர்ந்தவர். சித்தப்பா தனக்கு வந்த சாவியைக் கையில் வைத்துக்கொண்டே அவரிடம் ஓடினார். "மெதுவா ஒரு உதை, அப்புறம் முழு உதை. பயப்படாதீங்க, அது ரொம்ப சாது" என்று கிக்கரைக் காட்டிக் குனிந்து நின்று விளக்கினார். டாக்டர் அம்மா தடுமாறி, ஒருமுறை இன்ஜின் நின்றுபோய், மறுபடி கிளப்பி ஒரு சுற்று வந்தார். சித்தப்பா கைதட்டினார்.

"சாதுவாம்" என்றாள் சித்தி.

சித்தப்பா முகமெல்லாம் வியர்வையோடு எங்களிடம் தண்ணீர் கேட்டு வந்தார். "பாத்தியா, முதல் தடவையிலயே என்னமா ஓட்டினாங்க."

"அது பழகாத கைக்குக் கேக்காதுன்னு சொன்னீங்களே."

"எப்ப சொன்னேன்?"

சித்தி தண்ணீர் பாட்டிலை மூடினாள். "அடுத்த சுத்துக்கு நானும் வரேன்" என்றாள்.

"நீ எதைப் போடுவ? உங்கிட்ட வண்டி ஏது?" என்று சிரித்தார். "விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டா, அப்புறம் தைக்கிறது யாரு?"

அவள் எழுந்து நேரே தலைவரிடம் போனாள். நானும் பின்னால் போனேன். இரண்டாம் சுற்றுக்கு ஹெல்மெட் நிரம்பிக்கொண்டிருந்தது. சித்தி கைப்பையைத் துழாவி, கடை ஷட்டரின் சாவியை எடுத்து உள்ளே போட்டாள்.

"சீட்டக்கா, இது வண்டிச் சாவி இல்லையே" என்றார் தலைவர்.

"இது யார் கைக்கு வருதோ, அவங்க வண்டிக்கு ஒரு சீட் தச்சுத் தரேன். போதுமா?"

சுற்றி நின்றவர்கள் ஆரவாரம் செய்தார்கள். தலைவர் மறுக்க வழியில்லாமல் ஹெல்மெட்டைக் குலுக்கினார்.

மூத்தாள் தன் கைக்கு வரும் என்று சித்தி நம்பியிருக்க வேண்டும். கண்ணை மூடியபோது அவள் உதடு அசைந்தது. வந்தது தலைவரின் சாதாரண வண்டிச் சாவி, அலுவலகத்துக்குப் போய்வருகிறவர்கள் ஓட்டுவது. மூத்தாள் சங்கத்தில் இருந்த ஒரு பேக்கரிக்காரருக்குப் போனது. கடைசியாக எடுத்தவர் சித்தப்பா. கையை விரித்துப் பார்த்தார். ஷட்டர் சாவி.

"வீட்ல சும்மா கிடைக்கிறத எடுத்துட்டீங்களே" என்றார் பேக்கரிக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். சித்தப்பாவுக்கு அந்தச் சுற்றில் வண்டி இல்லை. சாவியைப் பிடித்தபடி, வேடிக்கை பார்ப்பவர்களுக்காகக் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் என்னருகே வந்து நின்றார்.

சித்தி யாரோ நீட்டிய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். வண்டியைக் கிளப்பினாள். தடுமாற்றம் இல்லை. கியர் மாறும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகச் சீராகக் கேட்டது. தொழிற்சாலைச் சுவரை ஒட்டிய வளைவில் அவள் லேசாகச் சாய்ந்து திரும்பினாள். அந்தச் சாய்வு எனக்குப் புதிதல்ல. சீட் மாட்டிய வண்டி ஆடுகிறதா என்று பார்க்க, கடையின் பின்பக்கத்து முற்றத்தில் யாராவது ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது வழக்கம். பல வருஷங்களாக அந்த யாராவது சித்திதான்.

சித்தப்பா கைதட்டவில்லை. "யாரு சொல்லிக் குடுத்தா இவளுக்கு?" என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியாதென்று தலையசைத்தேன்.

திரும்பும் வழியில் பெட்ரோல் போட நின்ற இடத்தில் அவர் வேன் ஜன்னலுக்கு வந்தார்.

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"சாப்பிட்டீங்களா? டப்பாவுல மிச்சம் இருக்கு."

"எந்த வண்டியில பழகின?"

"ஒரு வண்டின்னு எப்படிச் சொல்றது? கடைக்கு வர்ற வண்டி எல்லாந்தான்."

"யார் யாரு வண்டி?"

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?" என்று சித்தி கண்ணாடியை ஏற்றிவிட்டாள். அவர் வண்டிக்குத் திரும்பிப் போனபோது மூட்டை மாதிரிதான் சரிந்து உட்கார்ந்தார். சித்தி வீடு வரும்வரை ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

அதற்குப் பிறகு மூத்தாளின் சாவி சித்தப்பாவின் பையில் இல்லை. முன்னறைச் சுவரில் ஒரு ஆணி அடித்து அதில் மாட்டினார். சித்தி தினமும் அந்த இடத்தைப் பெருக்கினாள், சாவியைத் தொடவில்லை. எடுத்துக்கொள்ளத்தானே மாட்டியிருக்கிறார் என்று நான் கேட்டேன்.

"பல் டாக்டர் அம்மாவுக்குக் குனிஞ்சு நின்னு சொல்லிக் குடுத்தாருல்ல? எனக்கு மட்டும் ஆணியா? கையில குடுக்கட்டும். மெதுவா ஒரு உதை, அப்புறம் முழு உதைன்னு எங்கிட்டயும் சொல்லட்டும். எனக்குத் தெரியும்னாலும் சொல்லட்டும்."

அவர் இதுவரை கொடுக்கவில்லை. யார் யாரு வண்டி என்று மட்டும் இன்னும் எப்போதாவது கேட்கிறார்.

போன மாதம் கடையில், ஒரு சீட்டுக்கு ரெக்சினை இழுத்துப் பிடிக்க என் உதவி வேண்டும் என்று கூப்பிட்டாள். இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, ஸ்டேப்ளர் பின் அடித்தபடியே சொன்னாள்: "அவரு சாவியக் குடுக்கிற அன்னைக்கு நீ வரணும். எனக்குப் பின்னாடி நீதான் உக்காரணும். அவரும் வரேன்னு நிப்பாரு. இடம் இல்லன்னு நீ சொல்லிடு, என்ன? நான் சொன்னா சிரிச்சுடுவேன்."