ஆறு ஊர்களில் குடியிருந்த மாப்பிள்ளை

நாமக்கல்லில் மயில்சாமி நடத்தும் திருமணத் தகவல் மையத்தில் தெய்வநாயகிக்குப் பதினோரு வருஷ வேலை. வேலையின் பெயர் அலுவலக உதவியாளர். ஆனால் கம்ப்யூட்டர் படித்தவள் என்பதால், ஒயர் கழன்றாலும் அவள், ஓட்டல்காரர் பில்லை டைப் அடிக்க வந்தாலும் அவள்.

மையத்துக்கு நாமக்கல் போக ஐந்து கிளைகள்: எருமப்பட்டி, ராசிபுரம், திருச்செங்கோடு, ஆத்தூர், கெங்கவல்லி. ஒருமுறை வைரஸ் புகுந்து முந்நூறு ஜாதகத்தைத் தின்றுவிட்ட பிறகு, எல்லாக் கம்ப்யூட்டரையும் வைரஸ் எளிதில் அண்டாத லினக்ஸுக்கு மாற்றிவிட்டாள். அடுத்து, சேலத்தில் ஒருவர் வரன் தேடும் மென்பொருள் எழுதிக் கொடுத்தார். பிரவுசரில் திறந்து, வயது, படிப்பு, நட்சத்திரம் போட்டால் பொருத்தமான வரன்கள் வரிசையாக வந்து நிற்கும். நல்ல சரக்குதான். அதை ஏற்றுவதுதான் பெரும்பாடு. டேட்டாபேஸை முதலில் போட வேண்டும், அதற்கு ஒரு பயனர், அவருக்கு ஒரு பாஸ்வேர்டு, அப்புறம் வெப் சர்வர், கோப்புறைக்கு அனுமதி என்று முப்பத்தேழு படிகளை ஒரு காகிதத்தில் எழுதி அனுப்பிவிட்டு அந்த மனிதர் போனை எடுப்பதை நிறுத்திக்கொண்டார்.

எருமப்பட்டிக் கிளையைப் பார்த்துக்கொள்ளும் ஆராயி அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு பன்னிரண்டாவது படி வரைக்கும் தைரியமாகப் போய்விட்டாள். அதற்கு மேல் போன்.

"ஏனுங் அக்கா, அம்பு மாதிரி ஒண்ணு வந்து நிக்குதுங்க. ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது."

"எப்ப இருந்து நிக்குது?"

"காலைல பத்து மணில இருந்துங்க. அதுவா சொல்லுமாட்ட இருக்குதுன்னு காத்துட்டிருந்தேன்."

அப்போது மணி ஒன்றரை. வரியின் கடைசியில் வைக்க வேண்டிய அரைப்புள்ளியை ஆராயி வைக்கவில்லை. அது வரும் வரும் என்று டேட்டாபேஸும் காத்திருக்கிறது, பதில் வரும் வரும் என்று ஆராயியும் காத்திருக்கிறாள். "புள்ளி வெச்சு அதுக்குக் கீழ கமா வெச்ச மாதிரி ஒண்ணு இருக்கும், அத அழுத்து" என்று சொல்லி, அந்த விசையை அவள் கண்டுபிடிப்பதற்குள் தெய்வநாயகியின் சோறு ஆறிப்போயிற்று.

அன்றைக்கே முடிவு செய்தாள். மூன்று வாரம், வேலை இல்லாத மத்தியானங்களில் உட்கார்ந்து, முப்பத்தேழு படிகளையும் ஒரே கோப்புக்குள் அடைத்தாள். பென்டிரைவைச் செருகி ஒரு கட்டளை அடித்தால் போதும். எது ஏற்கெனவே இருக்கிறது, எது இல்லை என்று அதுவே பார்த்துக்கொள்ளும், பாஸ்வேர்டையும் அதுவே உண்டாக்கி அதுவே ஒளித்து வைத்துக்கொள்ளும். கேள்விகளும் ஊர்ப் பேச்சிலேயே வரும். "எந்த ஊர்க் கிளைங்க?" என்று கேட்கும். "வேலை நடக்குது, செத்த பொறுங்க" என்று சொல்லும். நாலே நிமிஷத்தில் முடிந்துவிடும்.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. ஏற்றி முடித்ததும் பக்கம் வெறுமையாகத் திறக்கும். வெறும் பக்கத்தைப் பார்த்தால் கிளைக்காரர்கள் "ஒண்ணுமே வரலீங்க" என்று போன் போடுவார்கள். அதற்காக ஒரு மாதிரி வரனை உள்ளே வைத்தாள். "மாதிரி வரன் சேக்கட்டுங்களா?" என்று கேட்கும், சும்மா எண்டர் தட்டினால் ஆமாம் என்று அர்த்தம்.

அந்த வரனை எழுதிய நாளில் அவள் கொஞ்சம் கோபத்தில் இருந்தாள். அவள் புருஷன் குணசீலன் போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர். ஆடிக்கு வருகிறேன் என்று சொல்லி, ஆடி போய் ஆவணியும் பாதி போய், இன்னும் சத்தீஸ்கரில் துளை போட்டுக்கொண்டிருந்தான். ஆகவே மாதிரி வரனின் பெயர் வளவன், வயது முப்பத்தொன்று, உள்ளூரிலேயே வேலை, தினமும் மாலை ஆறு மணிக்கு வீடு திரும்புவார். சொன்ன தேதியில் சொன்ன இடத்தில் இருப்பார். எட்டு ஏக்கர் நிலம், கிணற்றில் தண்ணீர். நட்சத்திரத்தைக் காலியாக விட்டாள். போன் எண் பத்து இலக்கம் கேட்டது. ஒன்று முதல் வரிசையாக அடித்துப் பார்த்தாள், செல்லாது என்றது. மனப்பாடமாக இருந்த இன்னொரு எண் புருஷனுடையது. அதை அடித்தாள், ஒத்துக்கொண்டது. அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்ததோடு சரி.

பென்டிரைவ் ஐந்து ஊருக்கும் போயிற்று. எல்லாரும் எண்டர் தட்டினார்கள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. தெய்வநாயகி பத்து நாள் சூடாகச் சாப்பிட்டாள்.

பதினோராம் நாள் குணசீலன் கூப்பிட்டான். பின்னால் கம்ப்ரஸர் இரைச்சல்.

"ஏம் புள்ள, எனக்குப் பொண்ணு பாக்கறியா?"

"என்ன பேச்சுங்க இது?"

"நேத்துல இருந்து ஒம்பது பேரு. தம்பி வளவனுங்களாங்கறாங்க. எட்டு ஏக்கராமே எனக்கு? எந்தப் பக்கம்னு சொன்னீன்னா வந்து பாத்துக்குவேன்."

எந்த எண்ணைப் போட்டு வைத்தோம் என்று அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. உடனே எருமப்பட்டிக்குப் போன் போட்டாள்.

"அந்த வளவனை அழிச்சுப்போடு ஆராயி. அது சும்மா மாதிரி."

"ஐயோ, அவரையாங்க? அவரு எல்லாப் பொண்ணுக்கும் பத்துக்குப் பத்து பொருந்தறாருங்க. காலைல மட்டும் நாலு பேத்துக்கு நம்பர் எழுதிக் குடுத்திருக்கேன்."

நட்சத்திரம் காலியாக இருந்தால் தடை எதுவும் இல்லை என்று மென்பொருள் எடுத்துக்கொண்டிருக்கிறது. எந்த ஊரில் எந்தப் பெண்ணின் ஜாதகத்தைப் போட்டாலும் முதல் வரிசையில் வளவன். உள்ளூர் என்று எழுதியிருந்ததால், ஆத்தூரில் தேடியவர்களுக்கு அவர் ஆத்தூர்க்காரர், திருச்செங்கோட்டில் தேடியவர்களுக்குத் திருச்செங்கோட்டுக்காரர். போட்டோ போடாததைக்கூட அடக்கம் என்று பேசிக்கொண்டார்கள்.

மயில்சாமியிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இருக்கட்டும் விடும்மா. கூட்டம் வருதில்ல. அவரப் பாக்க வந்தவங்க அப்புடியே நாலு பேரப் பாத்துட்டுப் போறாங்க."

"இல்லாத ஆளுங்க."

"நம்ம பதிவுல பாதி சம்பளம் இல்லாத சம்பளந்தான். அதுக்கு என்ன பண்றது?"

புருஷனையாவது போனை எடுக்காமல் இருக்கச் சொன்னாள். அவன் கேட்டால்தானே. ரிக்கில் ராடு மாற்றும் நேரத்தில் பொழுது போகவில்லையாம். போனை ஸ்பீக்கரில் போட்டு, கூட வேலை செய்கிறவர்கள் சுற்றி உட்கார்ந்துகொள்ள, வருங்கால மாமனார்களோடு பேச ஆரம்பித்துவிட்டான். நகை வேண்டாமுங்க என்றான். பொண்ணு படிக்கோணும்னா படிக்கட்டுமுங்க என்றான். சம்பந்தப் பேச்சைக் கலைத்துவிடுவோம் என்று நினைத்து, "எனக்கு ஏற்கெனவே ஒருத்தி இருக்காளுங்க, ரொம்பக் கோபக்காரி" என்று ஒருவரிடம் சொன்னான். மறைக்காமச் சொல்றாரே என்று அவர் இன்னும் உருகிப்போனாராம்.

அந்த வாரக் கடைசியில் கெங்கவல்லியிலிருந்து மருதாசலம் என்பவர் நேரிலேயே வந்துவிட்டார். காலையில் பஸ் ஏறி வந்த களைப்பு. மஞ்சள் பையில் ஒரு சீப்பு வாழைப்பழம், மகளின் ஜாதகம்.

"வளவன் தம்பி வீட்டு அட்ரஸ் குடும்மா. நேரா போயிப் பேசிக்கிறேன். போன்ல சரியா கேக்கல, ஏதோ மிசினு சத்தம்."

அதுவரை தெய்வநாயகிக்கு உள்ளூர ஒரு சிரிப்பு இருந்தது. வாழைப்பழத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உள்ளதைச் சொன்னாள். "அப்புடி ஒருத்தர் கெடையாதுங்க ஐயா. கம்ப்யூட்டர் ஓடுதான்னு பாக்க நான் எழுதினது. போன்ல பேசினது எங்கூட்டுக்காரருங்க. மன்னிச்சுக்கோணும்."

அவர் மஞ்சள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தாள்.

"என் மக வெண்ணிலா பதினேழு பேர வேணாம்னுட்டாம்மா. இவர மட்டுந்தான் பாக்கலாம்னா. எட்டு ஏக்கருக்காகச் சொல்றாளோன்னு நெனச்சேன். இல்லியாம். கடைசி வரிக்காம்."

"எந்த வரிங்க?"

"நீதான எழுதுன. சமையல்ல பாதி அவரே செய்வாருன்னு."

எழுதியது அவளுக்கே மறந்துபோயிருந்தது. சட்டி கழுவிவிட்டு வந்த கையோடு அடித்திருப்பாள்.

"இல்லாத ஆளுகிட்ட இருக்குது, இருக்கறவன்கிட்ட இல்ல" என்றார் மருதாசலம். "அதையும் ஒரு கேள்வியா எல்லார்கிட்டயும் கேட்டுப் பாரேம்மா. ஒருத்தனாவது ஆமான்னு எழுதமாட்டானா?"

வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனார்.

மயில்சாமிக்குச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரத் தூக்கம் உண்டு. அந்த ஒரு மணி நேரத்தில் தெய்வநாயகி புதுக் கோப்பு ஒன்றைத் தயார் செய்து ஐந்து கிளைக்கும் மெயிலில் அனுப்பினாள். அது ஒரே ஒரு கேள்விதான் கேட்டது: "புதுசு போடட்டுங்களா?" எல்லாரும் வழக்கம்போல எண்டர் தட்டினார்கள். மூன்று மணிக்கெல்லாம் ஆறு ஊரிலும் வளவன் இல்லை. நட்சத்திரம் காலியாக இருந்தால் இனி பொருத்தமே பார்க்காது. மாப்பிள்ளைப் படிவத்தில் புதிதாக ஒரு கட்டம்: சமைக்கத் தெரியுமா, என்னென்ன?

தூங்கி எழுந்த மயில்சாமி வளவனைத் தேடினார். "நிச்சயம் ஆயிருச்சுங்க" என்று சொன்னாள் தெய்வநாயகி.

புதுக் கட்டத்தைப் பெரும்பாலோர் காலியாக விட்டார்கள். ஒரு தாயார் "வெந்நீர் வைப்பான்" என்று பெருமையாக எழுதியிருந்தார். இன்னொருவர் அது அவமானம் என்று ஆராயியிடம் சண்டைக்கு வந்தார். புரட்டாசி முடிவில் ஆத்தூரில் ஜவ்வரிசி ஆலையில் சூப்பர்வைசராக இருக்கும் அறிவு என்ற பையன் தன் கையெழுத்திலேயே நிரப்பிய படிவம் ஒன்று வந்தது. ஏக்கர் ஒன்றரை. நட்சத்திரம் கேட்டை. அந்தக் கட்டத்தில், "ரசம் வரும். குழம்பு இன்னும் சரியா வரலை. முட்டை எப்படிக் கேட்டாலும்" என்று இருந்தது.

தெய்வநாயகி அதைப் பொருத்தத்துக்கு விடாமல், நேராக மருதாசலத்துக்குப் போன் செய்து வாசித்துக் காட்டினாள். அந்தப் பக்கம் போன் கை மாறியது. வெண்ணிலாவின் குரல், "இவரு நெசமாவே இருக்காராக்கா?" என்று கேட்டது.

"இருக்காரு சாமி. ஆதார் பாத்துட்டேன்."

இரண்டு ஞாயிறு கழித்துப் பெண் வீட்டார் ஆத்தூருக்குப் போனார்கள். அவன் வைத்த ரசத்தில் புளி கொஞ்சம் தூக்கல் என்று வெண்ணிலா நேருக்கு நேராகவே சொன்னாளாம். அடுத்த தடவை குறைக்கிறேன் என்றானாம் அவன். தை மாதம் கல்யாணம்.