என் மகன் எறிந்த பந்தை என் தங்கை பிடித்தாள்

முருகனை நம்பி இருக்கிற எல்லோருக்கும் என் வணக்கம். எனக்கு நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். வெறும் விளையாட்டு விஷயந்தானே என்று சிலர் நினைக்கலாம். ஆனால் போன கோடை முழுக்க எங்கள் வீட்டில் ஒருவரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை, ஒருவரோடொருவர் முகம் பார்த்துக் கதைக்கவில்லை. என் பிள்ளை என் கண்ணுக்கு முன்னாலேயே தன்னைத் தொலைத்துக்கொண்டிருந்தான்.

நாங்கள் சுவிஸில், டீட்டிகோன் என்ற ஊரில் இருக்கிறோம். என் கணவர் சிவம், நான், எங்கள் ஒரே மகன் அகிலன். மற்றத் தமிழ்ப் பிள்ளைகள் உதைபந்துக்கும் கிரிக்கெட்டுக்கும் போக, இவன் பள்ளிக்கூடச் சிநேகிதன் ஒருவனோடு பேஸ்போலுக்குப் போனான். வளர்ந்து, அந்தக் கழகத்தின் முதலாவது அணிக்கே பிட்சர் ஆனான். பிட்சர் என்றால் பந்து எறிகிறவன். சின்ன மண்மேட்டில் நின்று, மட்டைக்காரனைத் தாண்டி, அவனுக்குப் பின்னால் குந்தியிருக்கிற கேச்சரின் கையுறைக்குள் எறிய வேண்டும். மட்டைக்கு எட்டாதபடி பந்து நாலு தரம் விலகிப் போனால் மட்டைக்காரன் அடிக்காமலே முதலாவது தளத்துக்கு நடந்து போய்விடுவான். என் மகன் எறிந்தால் அப்படி ஒருவரும் சுலபத்தில் நடந்து போனதில்லை.

சுவிஸில் இந்த விளையாட்டைப் பார்க்க வருகிறவர்கள் கொஞ்சப் பேர்தான். ஆனால் வருகிறவர்கள் ஒரு ஞாயிறும் தவறமாட்டார்கள். நாயோடு வரும் வால்டர் என்ற வயதான சுவிஸ்காரர். மடிக்கிற கதிரையோடு வரும் தாய் தகப்பன்மார். எங்கள் கோயிலில் இருந்து குமார் அண்ணை. கிரிக்கெட் பைத்தியமான அவர், கோயில் பொடியளை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு வந்து "அகி! அகி!" என்று கத்த வைப்பார். எனக்கு அதைக் கேட்கப் பெருமையாக இருக்கும்.

பிறகு ஒரு நாள் எறிந்துகொண்டிருக்கும்போதே முழங்கையைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டான். உள்ளே நரம்புப் பட்டி அறுந்துவிட்டது என்றார்கள். ஒப்பரேஷன் நடந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் பந்தைத் தொடவில்லை. நான் வெள்ளிக்கிழமை விரதத்தை அன்று தொடங்கினேன். கை சுகமானால் தேர்த் திருவிழாவில் பாற்செம்பு எடுப்பதாக நேர்த்தி வைத்தேன்.

கை சுகமானது. டொக்டர் படம் எடுத்துப் பார்த்து, பழைய கையைவிடப் பலம் என்றார். அகிலன் திரும்பவும் மண்மேட்டில் ஏறினான். எல்லோரும் எழும்பி நின்று கைதட்டினார்கள்.

முதலாவது பந்து கேச்சரின் தலைக்கு மேலால் போய் வேலியில் மோதியது. அடுத்தது நிலத்தில் குத்தியது. அதற்கடுத்தது மட்டைக்காரனின் தோளில் பட்டது. ட்ரெய்னர் வந்து அவன் கையிலிருந்து பந்தை வாங்கினார்.

அடுத்த ஞாயிறும் அப்படித்தான். அதற்கடுத்ததும். வால்டர் என்னிடம் வந்து, கை இன்னும் நோகிறதா என்று மெதுவாகக் கேட்பார். குமார் அண்ணை கத்துவதை நிறுத்திவிட்டார். கோயிலில் செருப்புக் கழற்றுகிற இடத்திலேயே மறித்து, "தங்கச்சி, பொடியனுக்கு என்ன நடந்தது? மனசிலை ஏதும் இருக்கோ?" என்பார். அவர்கள் எல்லோருக்கும் உண்மையான கவலை. எனக்கோ மறுமொழி தெரியாது. அவன் என்னோடு கதைத்தால்தானே தெரியும்?

அவன் கதைத்தது என் தங்கை வதனியோடு.

வதனி என்னைவிட நன்றாக இளையவள். நான் சுவிஸுக்கு வந்தபோது எனக்குக் கலியாண வயது. அவள் வந்தது பள்ளிக்கூட வயதில். இங்கே படித்து பிசியோதெரபிஸ்ட் ஆனவள். கிட்டத்து நகரமான பாடனில் தனியாக இருக்கிறாள், கலியாணம் செய்யவில்லை. அவள் டொச், அதாவது ஜெர்மன் மொழி, கதைத்தால் சுவிஸ்காரரே திரும்பிப் பார்க்கமாட்டார்கள், அவ்வளவு இயல்பாக இருக்கும். நான் கதைத்தால் கடைக்காரப் பெட்டையும் ஒவ்வொரு சொல்லாக, சத்தமாக மறுமொழி சொல்லுவாள்.

ஒப்பரேஷனுக்குப் பிறகு கைக்குப் பயிற்சி கொடுத்தவள் வதனி. அதற்கு நான் நன்றியாகத்தான் இருந்தேன். ஆனால் பயிற்சி முடிந்த பிறகும் அவன் பாடனுக்குப் போய்க்கொண்டே இருந்தான். இங்கே என் சமையலைத் தள்ளிவைத்துவிட்டு, அங்கே போய் அவளுடைய பாணும் சீஸும் சாப்பிட்டான். அவள் எங்கள் வீட்டுக்கு வந்தால் இரண்டு பேரும் பல்கனியில் நின்று வேகமாக டொச்சில் கதைத்துச் சிரிப்பார்கள். நான் தேத்தண்ணியோடு கதவடியில் நிற்பேன். என்னைக் கண்டதும் இரண்டு பேரும் தமிழுக்கு மாறுவார்கள். மாறியதும் சிரிப்பு நின்றுவிடும்.

அது எனக்குள் எப்படி எரிந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. பெற்றது நான். காய்ச்சலுக்கு முழித்திருந்தது நான். மைதானத்தில் மழையில் நனைந்தது நான். அவள் என்ன செய்தாள்? வந்து சிரித்தாள். அவ்வளவுதான். அவள் வாங்கித் தந்த சேர்ட்டை அவன் போட்டுக் கழற்றினால், அதை அலுமாரிக்கு அடியில் ஒளித்து வைப்பேன்.

கோயிலில் என் வேண்டுதலும் மாறிப்போயிற்று. "முருகா, அவன்ரை கை சரியாக வேணும். ஆனா அது என்னாலைதான் சரியாக வேணும். அவளாலை வேண்டாம்." வாய்விட்டே இப்படிக் கேட்டேன். வெள்ளியோடு செவ்வாயும் விரதம் பிடித்தேன். விரதம் என்பதை அகிலன் காணும்படிதான் பிடித்தேன். அவனுக்கு முன்னால் வெறும் தண்ணீர்க் கிளாசை வைத்துக்கொண்டு இருப்பேன். அவன் தன் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடி சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போவான்.

கடைசி விளையாட்டு வந்தது. அதில் தோற்றால் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும். மற்றப் பிட்சருக்குக் கையில் வீக்கம். அகிலனைத்தான் போடப்போகிறோம் என்று ட்ரெய்னர் சொல்லிவிட்டார். அவன் இரண்டு நாளாக எங்களோடு ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. சனிக்கிழமை விடிய, "நான் விளையாட்டை விடப்போறன்" என்று தகப்பனிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டான். தொலைபேசி எடுக்கவில்லை.

எங்கே போயிருப்பான் என்று எனக்குத் தெரியும். பாடனுக்கு ரயில் ஏறினேன். கவலையோடு போனேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. சண்டை பிடிக்கப் போனேன்.

வதனியின் வீட்டில் ஆள் இல்லை. வீட்டுக்குப் பின்னால் பள்ளிக்கூட மைதானம். பந்துச் சத்தம் கேட்டது. போத்தல்கள் போடுகிற பெரிய தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். என் தங்கை, வாழ்க்கையில் ஒரு பந்து பிடித்திராதவள், கையுறை போட்டுக்கொண்டு புல்லில் குந்தியிருந்தாள். என் மகன் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தான். பந்து நேராக அவள் கையுறைக்குள் போய் விழுந்தது. திரும்பவும் எறிந்தான். திரும்பவும் நேராக விழுந்தது. அவள் வலியில் கையை உதறிவிட்டுச் சிரித்தாள். அவனும் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு நான் எத்தனையோ மாதமாகக் காணாதது. பந்து நேராகப் போகிறது என்று சந்தோஷப்பட வேண்டிய தாய், அது அவளுடைய கைக்குள் போகிறதே என்று நின்று வெந்தேன்.

பிறகு அவர்கள் புல்லில் இருந்து கதைத்தார்கள். டொச்தான். ஆனால் இவ்வளவு காலம் இந்த நாட்டில் இருந்தவளுக்கு அதுகூட விளங்காதா? என்னைப் பற்றித்தான் கதைத்தார்கள். அம்மா பார்த்துக்கொண்டிருந்தால் கை இறுகுகிறது என்றான். பந்து பிழைத்தால் அம்மாவின் விரதத்தைப் பாழாக்கியது போல இருக்கிறது என்றான். நான் பட்டினி கிடக்கிற ஒவ்வொரு நாளும் பந்து பாரமாகிறதாம். வதனி, அதை அம்மாவிடமே சொல் என்றாள். சொன்னால் அழுவா என்றான்.

நான் வெளியே வந்தேன். இரண்டு பேரும் எழும்பி நின்றார்கள்.

"என்ரை பிள்ளையை என்னட்டையிருந்து பிரிச்சுப்போட்டாய் என்னடி?" என்று கேட்டேன்.

வதனி கையுறையைக் கழற்றினாள். உள்ளங்கை முழுக்கக் கன்றிப்போய், பெருவிரல் வீங்கியிருந்தது.

"நான் பிரிக்கேல்லை அக்கா. அவன் விழுந்துகொண்டு வந்தான். கிட்ட நிண்டபடியாப் பிடிச்சன். நீங்கள் நிண்டிருந்தா நீங்களும் பிடிச்சிருப்பியள்."

"நான் எங்கை நிண்டனானாம் அப்ப?"

அகிலன்தான் சொன்னான். "நீங்கள் கோயிலிலை நிண்டனீங்கள் அம்மா. எனக்காகத்தான். ஆனா நான் இஞ்சை நிண்டன்."

நான் திரும்பி நடந்தேன். ரயிலில் அழுதேனா என்று நினைவில்லை. வீட்டுக்குப் போகாமல் கோயிலுக்குப் போனேன். எங்கள் கோயில் பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றில் இருக்கிறது என்று உங்களில் சிலருக்குத் தெரியும். பின்னேரப் பூசை. ஐயர் தீபம் காட்டினார். நான் வழமையாகக் கேட்பதைக் கேட்க வாயைத் திறந்தேன். "என்னாலை" என்ற சொல் வரவேயில்லை. அந்த வீங்கின பெருவிரல்தான் கண்ணுக்குள் நின்றது. நான் கேட்டுக்கொண்டிருந்த உதவியை முருகன் எப்போதோ அனுப்பிவிட்டான். அது என் தங்கையின் வீட்டு வாசலால் வந்ததால் நான் அதை உதவியென்று எண்ணவில்லை.

"யாற்றை கையாலையெண்டாலும் சரி முருகா," என்றேன். "அவளின்ரை கைதான் உனக்கு விருப்பமெண்டால் அதாலையே செய். எனக்கு எரிஞ்சாலும் செய்."

எரிச்சல் உடனே போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் பசித்தது; கடைசி விளையாட்டு முடியும்வரை என்று வெள்ளிக்கிழமை பிடித்த விரதத்தை நான் இன்னும் விட்டிருக்கவில்லை. பூசை முடிந்து கொடுத்த சர்க்கரைப் பொங்கலை அங்கேயே இருந்து சாப்பிட்டேன். பிறகு அகிலனுக்குத் தொலைபேசி எடுத்தேன். இந்த முறை எடுத்தான்.

"தம்பி, நான் சாப்பிட்டிட்டன். நாளைக்கு நீ பந்தைப் பிழையா எறிஞ்சாலும் சாப்பிடுவன். நீ விளையாட்டை விட்டாலும் சாப்பிடுவன்."

"என்ன சாப்பிட்டனீங்கள்?"

"பொங்கல்."

"எனக்கு வச்சிருக்கிறியளோ?"

"ஓம். சித்திக்கும் வச்சிருக்கிறன். அவளையும் கூட்டிக்கொண்டு வா."

மறுநாள் அவன் மைதானத்துக்குப் போனான். நான் அவன் கண்ணில் படாமல் கழகத்தின் கோப்பிக் கடையில் நின்று கேக் வெட்டினேன். மைதானத்துக்கு முதுகு காட்டியபடி. குமார் அண்ணை இடைக்கிடை ஓடிவந்து, "தங்கச்சி, பயமா கிடக்குது, ஆனா பரவாயில்லை, நிக்கிறான்" என்று சொல்லிவிட்டு ஓடுவார். கடைசி இன்னிங்ஸுக்கு முன்னம் வதனி வந்தாள். விரலில் கட்டுப் போட்டிருந்தாள்.

"அக்கா, உங்களை வரட்டாம்."

"ஆர்?"

"வேறை ஆர்? உங்கடை பிள்ளை."

கையில் இருந்த கேக் துண்டோடே போனேன். ஒரு புள்ளி வித்தியாசத்தில் முன்னுக்கு நிற்கிறோம் என்றார் வால்டர். நான் வதனிக்குப் பக்கத்தில் நின்றேன். அகிலன் எறிந்த முதலாவது பந்து கேச்சரைத் தாண்டிப் போய் வேலியில் மோதியது. கத்திக்கொண்டிருந்த எல்லோரும் அடங்கிவிட்டார்கள். அவன் திரும்பி நேராக என்னைத்தான் பார்த்தான். என்ன செய்வதென்று தெரியாமல் கையிலிருந்த கேக்கை வாயில் வைத்துப் பெரிதாக ஒரு கடி கடித்தேன்.

அவன் சிரித்துவிட்டான். மண்மேட்டில் நின்று, எல்லோரும் பார்க்க, தொப்பியால் முகத்தை மூடிச் சிரித்தான். பிறகு எறிந்தான். கேச்சரின் கையுறையில் பந்து விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மூன்றாவது ஆளும் அடிக்க முடியாமல் மட்டையோடு திரும்பிப் போய், நாங்கள் வென்றபோது குமார் அண்ணை "முருகா!" என்று கத்திய கத்தில் வால்டரின் நாய் குரைக்கத் தொடங்கியது.

அகிலன் வேலியடிக்கு ஓடிவந்தான். முதலில் வதனியைத்தான் கட்டிப்பிடித்தான். அது எனக்குக் குத்தியது. உண்மையாகவே குத்தியது. பிறகு மற்றக் கையை நீட்டி என்னையும் இழுத்துக்கொண்டான்.

இந்த வருஷத் தேரில் பாற்செம்பு எடுத்தேன். வதனியையும் எடுக்கச் சொன்னேன். தனக்கு நம்பிக்கை அவ்வளவு இல்லை என்று மறுத்தவள், பிறகு எனக்காக வந்தாள். அகிலன் இப்போதும் சில ஞாயிறுகளில் பிழையாக எறிகிறான். அணி தோற்கிறது. நான் சாப்பிடுகிறேன். அவனுக்கு மனம் சரியில்லாதபோது இன்னும் பாடனுக்குத்தான் போகிறான். சில நேரம், முன்பு இல்லாதபடி, நான் சமைக்கும்போது வந்து குசினி மேசையில் ஏறி இருந்து என்னோடும் கதைக்கிறான். அவர்கள் இரண்டு பேரும் டொச்சில் சிரிக்கும்போது எனக்குள் இன்னும் ஏதோ கிள்ளும். அந்த நேரம் முருகனை நினைத்துக்கொண்டு, "என்னத்துக்குச் சிரிக்கிறியள், எனக்கும் சொல்லுங்கோவன்" என்று கேட்கிறேன். சொல்லுகிறார்கள்.

உங்களில் யாராவது பிள்ளைக்காகவோ புருஷனுக்காகவோ அழுது கேட்டுக்கொண்டிருந்தால், விடாமல் கேளுங்கள். அவன் தருவான். தருகிறபோது, உங்களுக்குப் பிடிக்காத ஒருவரின் கையில் கொடுத்து அனுப்பினாலும் கதவைத் திறவுங்கள். நான் பிந்தித்தான் திறந்தேன். அதற்கும் முருகன் பொறுத்திருந்தான்.