சுவரில் ஒட்டிய எங்கள் யுத்தம்

யுத்தம் எங்கே தொடங்கியது என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கொதிக்கும். கேட்கிறவர் மேல் அல்ல. அந்தக் கேள்விக்கு ஒருநாள் ஒரு பள்ளிக்கூடச் சுவரில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்களே, அதன் மேல். நான் அதிகம் படித்தவள் இல்லை. பத்தாம் வகுப்போடு தையல் தொழிற்சாலைக்குப் போய்விட்டேன். சரித்திரம் எழுத எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் ஆண்டவர் நல்ல ஞாபகத்தைத் தந்திருக்கிறார். அதை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. மன்னாரிலிருந்து டென்மார்க்குக்கு வந்து ஒரு வருடம் கடந்திருந்தது. இக்காஸ்ட் என்ற சின்னப் பட்டணத்தில், மூன்றாம் மாடியில் ஒரு வீடு. அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, நான் என்று நாலு பேர். அண்ணா எங்களோடு இல்லை. எண்பத்து நாலாம் ஆண்டுக் கடைசியில் ஊருக்குள் வந்த இராணுவம் பெடியன்களை வரிசையில் நிறுத்தி லொறியில் ஏற்றியபோது, பத்தொன்பது வயது அண்ணாவும் அதில் ஏற்றப்பட்டார். தெற்கே, காலி நகரத்துப் பக்கம் ஒரு முகாமில் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு கதை வந்தது. பிறகு அந்தக் கதையும் வரவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் வகுப்பில் யுத்தம் படிப்பித்தார்கள். ரீச்சர் நல்ல மனுசி. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம். முதல் குளிருக்குக் கையுறை பின்னித் தந்தவர் அவர். சுவருக்கு ஒட்டுகிற கடதாசிச் சுருள் ஒன்றைப் பின்பக்கம் திருப்பி, வகுப்பின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒட்டி, நடுவில் நீளமாக ஒரு சிவப்புக் கோடு போட்டார். காரணம் என்றால் நீல அட்டை. திருப்பம் என்றால் மஞ்சள் அட்டை. முதலில் அவர்களுடைய பழைய யுத்தம், ஜேர்மன்காரரிடம் தோற்றுத் தெற்கு நிலத்தை இழந்த கதை. பிள்ளைகள் அட்டை அட்டையாக ஒட்டினார்கள். தோற்ற கதையை இவ்வளவு நிம்மதியாக ஒட்ட முடிகிறதே என்று எனக்கு ஆச்சரியம்.

பிறகு ரீச்சர் என் பக்கம் திரும்பினார். “உன்னுடைய நாடு என் அம்மாவை விட இளையது. சுதந்திரம் கிடைத்து நாற்பது வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் ஏன் யுத்தம்? வீட்டில் கேட்டு எழுதி வா. வெள்ளிக்கிழமை அப்பாவையும் கூட்டி வா.”

அந்தக் கேள்வியை எங்கள் குசினிக்குள் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாது.

“ஐம்பத்தாறு எண்டு எழுது பிள்ளை,” என்றார் அப்பா, கைகூடக் கழுவாமல். “சிங்களம் மட்டும் எண்டு சட்டம் போட்ட வருசம். நான் கொழும்பில தபால் கந்தோரில சேர்ந்த புதுசு. சிங்களச் சோதினை எழுதாட்டிச் சம்பளம் ஏறாது எண்டாங்கள். நான் எழுதேல்லை.”

“அத்தான் சோதினை எழுதாததால வந்த யுத்தமோ இது?” என்றார் மாமா. “எழுபதுக்குப் பிறகு எண்டு எழுது பிள்ளை. ஒரே சோதினை. கம்பஸ் போக எங்களுக்குக் கூடின புள்ளி வேணும், அவைக்குக் குறைஞ்ச புள்ளி காணும். நான் எஞ்சினியராய் வராமல் போனது அதாலதான்.”

“நீ வராமல் போனது படம் பார்த்துத் திரிஞ்சதால,” என்றார் அம்மா அடுப்பைப் பார்த்தபடி.

“அதுக்கும் முதல் ஒண்டு இருக்கு,” என்றார் அப்பா. “சுதந்திரம் வந்த கையோட மலையகத் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ச் சனத்தின்ர பிரசாவுரிமையைப் பறிச்சது. அதுக்குப் பாராளுமன்றத்தில எங்கட ஆக்களிலயும் சில பேர் கை உயர்த்தினவை.”

“அதை எழுதாதை பிள்ளை,” என்றார் மாமா.

“எழுது.”

இரண்டு பேரும் மேசையில் குத்திக் குத்திக் கதைத்தார்கள். ஐம்பத்தெட்டில் தமிழரை அடித்தது, எண்பத்தொன்றில் யாழ்ப்பாணத்தில் நூலகத்தை எரித்தது என்று அட்டைகள் கூடிக்கொண்டே போயின. கடைசியில் எண்பத்து மூன்று ஆடி மாதக் கலவரம், அது மஞ்சள். அம்மா சோற்றுப் பானையை மேசை நடுவில் வைத்துவிட்டுச் சொன்னார்: “ஐம்பத்தாறு எண்டுறியள், எழுபது எண்டுறியள். என்ர பிள்ளையைப் பிடிச்சது ஒரு வியாழக்கிழமை. எனக்கு அண்டைக்குத்தான் தொடங்கினது.”

அதற்கு அட்டை இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு செபமாலை. எங்கள் வீட்டில் அது ஒருநாளும் தவறியதில்லை. ஒருவர் ஒவ்வொரு செபத்திலும் முதல் பாதியைச் சொல்லித் தொடங்குவார், மற்றவர்கள் மிச்சத்தைச் சொல்லி முடிப்பார்கள். ஊரில் இருந்தபோது பத்துமணி என்கிற பத்துப் பத்து மணிப் பகுதிகள் ஐந்தையும் எங்களுக்குள் பங்கு போட்டுத் தொடங்குவோம். மூன்றாவது எப்போதும் அண்ணாவுடையது. அண்ணாவைக் கொண்டுபோன பிறகு ஐந்தையும் அப்பாவே தொடங்கினார். காய்ச்சல் என்றாலும், தொண்டை அடைத்தாலும் விடமாட்டார். “அத்தானிட்டை மைக்கைக் குடுத்தால் திருப்பி வாங்கேலாது,” என்று மாமா என் காதுக்குள் சொல்லுவார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

வெள்ளிக்கிழமை அப்பா கோவிலுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். யாரோ தந்த கோட்டு, கை விரல்வரை நீளம். நான் ஆறு அட்டைகளையும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தேன். இரவு முழுக்கப் பாடமாக்கியிருந்தேன். இந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் இன்றைக்கு அறியப்போகிறார்கள் என்று எனக்குள்ளே ஒரு வீறாப்பு.

வகுப்புக்கு வெளியே, சப்பாத்துக் கழற்றி வைக்கிற நடையில், சேலை மேல் தடித்த ஜக்கெட் போட்ட ஒரு பெண் நின்றிருந்தார். டெனிஷ்காரரை மணந்து வைலேயில் இருக்கும் சிங்களப் பெண்மணி. “இரண்டு பக்கமும் கேட்க வேண்டும் இல்லையா?” என்று ரீச்சர் சந்தோசமாகச் சொன்னார். தானே தேடிப் பிடித்தாராம்.

அப்பா இப்போது திரும்பி நடப்பார் என்று நினைத்தேன். அவரோ அந்தப் பெண்ணிடம் சிங்களத்தில் கதைக்கத் தொடங்கினார். தட்டுத் தடுமாறி அல்ல, தண்ணீர் ஓடுகிற மாதிரி. அப்பாவின் வாயில் அந்த மொழியை நான் அதுவரை கேட்டதே இல்லை. அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது, பிறகு சுருங்கியது. அப்பா கோட்டின் உள் பையிலிருந்து எதையோ எடுத்து, சுவரில் வைத்து அதன் பின்புறம் ஏதோ எழுதிக் கொடுத்தார். அந்தப் பெண் அதைத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். எனக்குக் காது சுட்டது. விலாசம் கொடுத்துச் சிநேகம் பிடிக்கிறாரா?

உள்ளே முதலில் அந்தப் பெண்தான் பேசினார். நாட்டில் எல்லாரும் ஒற்றுமையாக இருந்தோம் என்றார். எண்பத்து மூன்றில் தமிழ்ப் பெடியன்கள் பதின்மூன்று சிப்பாய்களைக் கொன்றார்கள், சனத்துக்குக் கோபம் வந்தது, சில கெட்டவர்கள் கடைகளுக்கு நெருப்பு வைத்தார்கள், அப்படித்தான் தொடங்கியது, இரண்டு பக்கமும் பிழை, என்றார். மெல்லிய குரல், இனிமையாகத்தான் சொன்னார்.

சனத்துக்குக் கோபம் வந்ததாம்! அதற்கு முன்னே முப்பத்தைந்து வருடம் எங்களுக்கு என்ன வந்தது? என்னுடைய கடைசி அட்டை அவருடைய முதல் அட்டையாக இருந்தது. அந்த வயதிலும் அது எனக்கு விளங்கியது. சுவரில் அந்தச் சிவப்புக் கோட்டை எங்கே தொடங்குகிறோமோ அங்கேதான் குற்றவாளியும் நிற்பான்.

நான் எழும்பி என் அட்டைகளை வாசித்தேன். ஒன்றையும் விடவில்லை. கை உயர்த்தினவர்களையும் சொன்னேன். ரீச்சர் குழம்பிப்போய் அப்பாவைப் பார்த்தார். “எது சரி? இவர் சொன்ன தொடக்கத்தை நீங்கள் ஒத்துக்கொள்கிறீர்களா?”

அப்பாவுக்கு விளங்கியது. விளங்காமல் போயிருந்தாலோ என்று நான் தமிழிலும் சொன்னேன்: “அந்த மனுசி சொன்னது சரியோ எண்டு கேக்கிறா. இல்லை எண்டு சொல்லுங்கோ அப்பா.”

அப்பா என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் மடியில் இருந்த கைப்பையைப் பார்த்தார். பிறகு ஓம் என்று தலையை ஆட்டினார்.

“யா,” என்றார்.

ரீச்சர் அந்தப் பெண் சொன்னதை எழுதிச் சிவப்புக் கோட்டின் மேலே ஒட்டினார். என்னுடைய ஆறு அட்டைகளையும் கோட்டுக்குக் கீழே ஓரமாக ஒட்டி, பக்கத்தில் ‘சிலருடைய கருத்து’ என்று எழுதினார். என் மனம் நோகக்கூடாது என்று அதைச் சுற்றி ஒரு பூவும் வரைந்தார். ஐம்பத்தாறாம் ஆண்டும், எரிந்த புத்தகங்களும், ஒரு பூவுக்குள்ளே!

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன். “ஏனப்பா ஓம் எண்டனியள்?”

“கையைப் பொக்கெற்றுக்குள்ள விடு பிள்ளை. குளிருது.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு கிறிஸ்மஸ்வரை அப்பாவோடு நான் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பயந்தாங்கொள்ளி என்று மனதுக்குள் பெயர் வைத்தேன்.

எனக்குக் கல்யாணமாகி முதல் பிள்ளை பிறந்த பிறகுதான் அம்மா மிச்சத்தைச் சொன்னார். அந்தப் பெண்ணின் ஊர் காலிப் பக்கம். மார்கழிக்கு மார்கழி தாயைப் பார்க்கப் போகிறவர். அவருடைய தம்பி ஓட்டுகிற மரக்கறி லொறி, அண்ணாவை வைத்திருப்பதாகக் கதை வந்த அந்த முகாமுக்குள்ளும் போய்வரும். இதையெல்லாம் அந்த நடையில் நின்ற ஐந்து நிமிடத்தில் அப்பா கேட்டு அறிந்திருக்கிறார். அவர் எடுத்துக் கொடுத்தது அண்ணாவின் படம். அதன் பின்னால் அண்ணாவின் பெயரையும் ஊரையும் சிங்கள எழுத்தில் எழுதியிருக்கிறார், அந்தச் சோதினையை எழுத மாட்டேன் என்று வாழ்நாள் சம்பள உயர்வை விட்டுக் கொடுத்த மனுசன்.

அந்தப் பெண் சொன்ன சொல் தவறவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். தை மாதம் கடிதம் வந்ததாம். தம்பி இரண்டு தடவை விசாரித்தான், மூன்றாம் தடவை காவலுக்கு நின்றவன் அவனை மிரட்டிவிட்டான், எந்தப் பட்டியலிலும் அந்தப் பெயர் இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று. அண்ணா வரவேயில்லை.

அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஒரு தகப்பன், தன் பிள்ளை எங்கே என்று கேட்பதற்காக, முப்பது வருடத்து உண்மையைப் பெற்ற மகளின் முன்னால் விழுங்க வேண்டி வந்ததே. அதை எந்த நிற அட்டையில் எழுதுவது? கோட்டுக்கு மேலே ஒட்டுவதா, கீழேயா? ஆண்டவர் என்னைப் பொறுத்துக்கொள்ளட்டும், இந்தக் கோபத்தை நான் இன்னும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லை.

அந்த வெள்ளி இரவும் செபமாலைக்கு முழந்தாளிட்டோம். அப்பா செபமாலையைக் கையில் எடுத்தவர், தொடங்கவில்லை. பிறகு அதை என்னிடம் நீட்டினார்.

“இண்டைக்கு நீ தொடங்கு பிள்ளை.”

மாமா வாய் பிளந்து பார்த்தார். எனக்கோ உள்ளூரச் சந்தோசம். பகலில் தலையாட்டிய வெட்கம், முன்னுக்கு நிற்க மனச்சாட்சி விடவில்லை என்று நினைத்தேன். வேண்டுமென்றே உரத்த குரலில் பரலோக மந்திரத்தைத் தொடங்கினேன். என் பாதி முடிந்து நிறுத்தியபோதுதான் ஒன்று பிடிபட்டது. தொடங்குகிறவருக்கு முதல் பாதி மட்டும்தான். அன்றாட உணவைக் கேட்பதும், எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிக்கிறோம் என்று சொல்வதும் மற்றவர்களுடைய பாதி. அந்த வரியை இன்றைக்கு நான் சொல்லத் தேவையில்லை! நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

மற்றவர்கள் எடுத்தார்கள். அம்மாவின் குரல், மாமாவின் குரல், அவற்றுக்கு அடியில் அப்பாவின் குரல். மன்னிக்கிற வரி வந்ததும் அம்மாவும் மாமாவும் ஏனோ நின்றுவிட்டார்கள். இருவரும் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, அண்ணாவைக் கொண்டுபோன பிறகு முதல் தடவையாக, அந்த வரியைத் தனியாகச் சொன்னார். நடுவில் ஒருமுறை நின்று, திரும்பவும் முதலிலிருந்து சொன்னார்.

வரி மறந்துவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டு, நான் அடுத்த மணியை உருட்டினேன்.