சாம்பாரில் சர்க்கரை

கல்கத்தா பவானிபூரில் எங்கள் வீட்டுச் சாம்பாரில் ஒரு கரண்டி சர்க்கரை விழும். "இது பெங்காலிப் பழக்கம்" என்பாள் மதுரையில் பிறந்த என் மனைவி. "எங்க பூர்வீகப் பழக்கம்" என்று நான் ஒற்றைக்காலில் நிற்பேன். பூர்வீக ஊருக்கு மற்றவர்கள் வேரைத் தேடிப் போவார்கள். நான் அவளை ஜெயிப்பதற்காகவே, அவளையும் கூட்டிக்கொண்டு ஹவுராவில் ரயிலேறினேன்.

கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில், அத்தை முறையாகும் ஒருவர் இலை போட்டுப் பரிமாறினார். சாம்பாரில் இனிப்பே இல்லை. மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். என் கை நின்றதைப் பார்த்த அத்தை, சர்க்கரை டப்பாவை எடுத்துவந்து வைத்தார்.

"போட்டுக்கோப்பா. உன் தாத்தாவும் கல்கத்தாவிலேருந்து லீவுக்கு வந்தா இதைத்தான் கேப்பார்."

வாதத்தில் தோற்றேன். நான் பார்த்தேயிராத தாத்தாவுக்காக இன்னொரு கரண்டியும் போட்டுக்கொண்டேன்.