பக்கர் பாய் மேல் விழுந்த பழி

பக்கர் பாய் இறந்த செய்தியை எனக்குச் சொன்னது ஒரு ஃபிளெக்ஸ் பேனர். மகள் வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டுக் குப்பனூர் வழியாக மலையேறி வந்தேன். ஊருக்குள் நுழையும் வளைவில் அதைக் கட்டியிருந்தார்கள். ‘எங்கள் அருமை நண்பருக்குக் கண்ணீர் அஞ்சலி’ என்ற எழுத்து. ஓரத்தில் சின்னதாகப் பாயின் படம். நடுவில் பெரிதாக, கைகூப்பியபடி, எங்கள் எஸ்டேட் மேனேஜர். பாய் போய்விட்டார் என்பது மனதில் இறங்குவதற்கு முன்பே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனிதரின் கண்ணீர் யாருக்கு வேண்டும்? ஜீப் ஸ்டாண்டில் பாயோடு டீ குடித்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எஸ்டேட் டிரைவராக இருபது வருடம் அவருடைய ஜீப் ரிப்பேர் பட்டறைக்குப் போயிருக்கிறேன். ஜீப்பில் இரண்டாவதாக ஒரு சின்ன லீவர் உண்டு. சேற்றிலும் செங்குத்து மேட்டிலும் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்க அதைப் போட வேண்டும். அதற்குக் கீழே இருக்கும் டிரான்ஸ்பர் கேஸ் என்ற பெட்டிதான் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. லீவர் இறுகிவிட்டது என்று போனால் மற்றவர்கள் பெட்டியைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். பாய் ஸ்பேனரைத் தொடமாட்டார். வண்டியைச் சுற்றி வந்து நான்கு டயரையும் தடவிப் பார்ப்பார். “பத்தடி ரிவர்ஸ் போங்க மணி” என்பார். போனால் லீவர் வெண்ணெய் மாதிரி விழும். “எடுத்ததும் பொட்டியத் திட்டாதீங்க. மொதல்ல சக்கரத்தப் பாருங்க” என்று சிரிப்பார்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில் மேனேஜர் முன்பக்கம் மட்டும் இரண்டு புது டயர் போட்டார். பின்பக்கம் வழுக்கையான பழைய டயர்கள். போதாததற்கு, மலைப்பாதையில் பிடிமானம் கிடைக்கும் என்று தார் ரோட்டிலும் அந்த லீவரைப் போட்டே ஓட்டச் சொன்னார். நான்காம் நாள் லீவர் அசையவில்லை. பாய் பார்த்தார்.

“ஏனுங்க மணி, முன்சக்கரம் ஒரு அளவு, பின்சக்கரம் ஒரு அளவு. ரெண்டும் மல்லுக்கட்டுது. மண்ணுன்னா கொஞ்சம் வழுக்கி உட்ரும். தார் ரோட்டுல எங்கீங்க வழுக்கும்? நாலு டயரும் ஒன்னா மாத்தச் சொல்லுங்க. அதுவரைக்கும் தார் ரோட்டுல லீவரப் போடாதீங்க.”

மேனேஜரிடம் அப்படியே சொன்னேன். “மெக்கானிக் பேச்சக் கேட்டு எஸ்டேட் நடத்தவா?” என்றார்.

பத்து நாள் கழித்து, கொட்டச்சேடு மேட்டில், என் பக்கத்தில் மேனேஜரும் பின்னால் காப்பிப் பழம் பறிக்கும் பெண்களும் உட்கார்ந்திருக்க, லீவர் மறுபடி இறுகிக்கொண்டது. கியரிலேயே வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, சக்கரத்துக்குக் கல் வைக்க இறங்கினேன். மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. ஜாக்கிக் கம்பியை எடுத்து லீவரை ஓங்கி அடித்தார். அது நியூட்ரலில் போய் விழுந்தது. சக்கரங்களுக்கும் கியருக்கும் தொடர்பு அறுந்தது. ஹேண்ட் பிரேக் தாங்கவில்லை. ஜீப் பின்னால் உருண்டு சவுக்கு மரத்தில் மோதியது. பின்னால் இருந்த பெண்களில் செல்லம்மாவின் கால் முறிந்தது.

சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் ஒரே பேச்சு: பக்கர் பாய் வேலையில் கோட்டைவிட்டார். சொன்னவர் மேனேஜர். முதலாளி என்னிடமும் கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குடியிருந்தது எஸ்டேட் வீட்டில், மகளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. என் வீரம் அவ்வளவுதான்.

அதன்பிறகு ஒரு எஸ்டேட் வண்டியும் அவர் பட்டறைக்குள் நுழையவில்லை. நண்பர்களே, உங்களில் பலரும்தான் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனீர்கள். ஜீப்பின் வயிற்றுக்குள் இருப்பதைக் கை வைக்காமலே சொன்ன மனிதர் ஸ்கூட்டருக்குப் பஞ்சர் ஒட்டினார். என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார்: “நீங்க பேசியிருக்கலாமுங்க மணி. செரி, உடுங்க.” சொல்லிவிட்டு எனக்கும் சேர்த்து டீ சொன்னார். திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

பேனரைப் பார்த்த கையோடு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஒரு சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். வண்டியில் கண்ட குறையை எழுதி, கொண்டுவந்தவரிடம் கையெழுத்து வாங்கி வைப்பது பாயின் வழக்கம். ‘டயர் அளவு வேறு வேறு. தார் ரோட்டில் லீவர் போடக் கூடாது. டிரைவரிடம் சொல்லியாச்சு.’ கீழே என் கையெழுத்து.

“இதக் காட்டுங்கன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேனுங்க” என்றார் அந்த அம்மா. “‘டிரைவர் எங்கிட்டச் சொல்லவே இல்லைன்னு மேனேஜர் மாத்திப் பேசுவான். மணிக்கு வேலையும் போயிரும், ஊடும் போயிரும்’னு சொல்லிட்டாருங்க.”

நாளை முதலாளி வருகிறார். செல்லம்மாவும் நானும் போகிறோம். மேனேஜர் என்னையும் இழுப்பார், இழுக்கட்டும். அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு இந்த மலையை விட்டு இறங்குவதை நான் கண்ணால் பார்க்க வேண்டும். பாயின் பெருந்தன்மை எனக்கு வராது, வேண்டவும் வேண்டாம். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்தச் சீட்டு ஒன்றைத்தான். அதன் பின்பக்கத்தில் நேற்று எழுதிக் கையெழுத்திட்டேன்: லீவரை அடித்தது மேனேஜர், பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டது நான்.