பிரிக்காத மூட்டை

வேலை போன ஆம்பளை அடுப்படியில் நின்றால் தெருவே வந்து எட்டிப் பார்க்கிறது. "என்ன சார், இன்னைக்கு உங்க சமையலா?" என்று பல்லைக் காட்டுகிறார்கள். ஆமாம்யா, என் சமையல்தான், உனக்கென்ன வந்தது? ஆரம்பத்தில் மனசுக்குள் திட்டிக்கொண்டேன். பிறகு வாய்விட்டே திட்ட ஆரம்பித்தேன். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருடம் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலை கேட்டில் என் அட்டையை வைத்தால் கதவு திறக்கவில்லை. காவலாளி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "காண்ட்ராக்ட் முகிதிதே அண்ணா" என்றான். முடிந்துவிட்டதாம். பதினோரு வருடத்தை ஒரு காவலாளி சொல்லித்தான் முடித்துவைக்க வேண்டுமா? சனிக்கிழமை வரை தோளில் கை போட்டுப் பேசிய சூப்பர்வைசருக்கு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சைக்கிளை மிதித்த மிதியில் செயினே கழன்றது.

என் மனைவி விஜயநகரில் இரண்டு வீடுகளில் சமையல் செய்கிறாள். விடிவதற்கு முன் கிளம்பினால் சாயங்காலம்தான் வருவாள். பெரியவள் ஆறாம் வகுப்பு, சின்னவள் இரண்டாம் வகுப்பு. இரண்டு பேருக்கும் மதியச் சாப்பாடு டப்பாவில் கொடுத்தனுப்ப வேண்டும். ஆக, அடுப்படி எனக்கு வந்தது.

எனக்குச் சமைக்கத் தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நன்றாகவே தெரியும். ஆனால் முந்நூறு பேருக்குத்தான் தெரியும். நாங்கள் ஹனூர்ப் பக்கத்து வெள்ளாமைக் குடும்பம். அங்கிருந்து மைசூரில் வந்து ஒட்டிக்கொண்ட முப்பது நாற்பது வீடுகள் சேர்ந்து, வருடா வருடம் யுகாதிக்கு மாதேஸ்வரன் மலையில் கொட்டகை போட்டு அன்னதானம் செய்வோம். அதில் இருபது வயதிலிருந்து நான்தான் அண்டாவுக்கு முன்னால் நிற்பவன். மலையில் பெண்கள் கரண்டியைத் தொட மாட்டார்கள், எல்லாம் ஆண்கள்தான். அதே ஆண்கள் வீட்டில் தண்ணீர் மொண்டு கொடுக்கக்கூடப் பெண்டாட்டியைக் கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

கை முந்நூறுக்குப் பழகிய கை. முதல் நாள் நான்கு பேருக்குச் சாறு வைத்தேன், உப்பை அள்ளிப் போட்டேன். சின்னவள் ஒரு வாய் வைத்துவிட்டுக் குழாயடிக்கு ஓடினாள். உப்பை ஈடுகட்டத் தண்ணீர், தண்ணீரை ஈடுகட்டப் புளி, புளியை ஈடுகட்ட வெல்லம் என்று ஊற்றி ஊற்றி ஒரு குண்டான் நிறைந்துவிட்டது. மூன்று நாள் அதையே சுட வைத்தோம். நான்காம் நாள் மனைவி ஒரு டீஸ்பூனைக் கொண்டுவந்து உப்பு டப்பாவில் போட்டுவிட்டுப் போனாள்.

ஆனால் கற்றுக்கொண்டேன். கீரையையும் பயறையும் வேகவைத்த தண்ணீரைக் கீழே கொட்டாமல் அதிலேயே சாறு, வெந்ததைத் தாளித்தால் பொரியல். இங்கே இதைப் பஸ்ஸாரு என்பார்கள். ஒரு வேக்காட்டில் இரண்டு பதார்த்தம், காஸும் மிச்சம். கொள்ளுப் பயறை முளைகட்டினால் கொஞ்சமே நிறையத் தெரியும். முள்ளங்கியை வாங்கினால் அதன் தழையையும் விடக் கூடாது. கடைக்காரம்மா தழையை ஒடித்து எறிய வரும்போது "அதைப் போடாதீங்கம்மா" என்று சொல்வதற்கு எனக்கு இரண்டு வாரம் ஆனது. மானம் என்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு அலைகிறோமே, அது முள்ளங்கித் தழைக்கு முன்னால் எவ்வளவு துள்ளுகிறது!

யுகாதிக்குப் பத்து நாளுக்கு முன் மனைவி ஆட்டோவில் ஒரு மூட்டை அரிசி கொண்டுவந்து இறக்கினாள். இருபத்தைந்து கிலோ, நல்ல சோனா மசூரி. அவள் வேலை செய்யும் ஒரு வீட்டில் வயதான தம்பதி. மகனைப் பார்க்க வெளிநாடு போகிறார்கள், இரண்டு மாதம் வேலை இல்லை, சம்பளமும் இல்லை. சும்மா விட மனசில்லாமல் இந்த மூட்டையைக் கொடுத்திருக்கிறார்கள். அதாவது, அந்த மூட்டைதான் அவளுடைய இரண்டு மாதச் சம்பளம்.

மறுநாள் காலை இன்னொரு வீட்டு வேலைக்குக் கிளம்பும்போது சொன்னாள்: "ஏனுங்க, அந்த மூட்டையப் பிரிச்சு டிரம்முல கொட்டி வையுங்க. புள்ளைங்க டப்பாவுக்குச் சோறு வையுங்க."

நான் பிரிக்கவில்லை. ரேஷன் அரிசி இன்னும் இரண்டு படி இருந்தது, ராகி மாவு நிறைய இருந்தது. முதலில் இதைத் தீர்ப்போம், நல்ல அரிசி எவ்வளவு நாள் தள்ளிப் போகிறதோ அவ்வளவு நல்லது என்று கணக்குப் போட்டேன். சிக்கனமாம் சிக்கனம்! இரண்டு மாதத்தில் பெரிய குடும்பஸ்தன் ஆகிவிட்ட நினைப்பு. மூட்டையைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்து, அதைப் பார்த்துக்கொண்டே ராகிக்களி கிண்டினேன். வாரம் முழுக்க அது அப்படியே நின்றது.

இங்கே எங்கள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மலை அன்னதானத்துக்கு ஒரு வீட்டுக்கு ஒரு சாமான். பருப்பு வீடு, வெல்ல வீடு, எண்ணெய் வீடு என்று பெயரே அப்படித்தான். எங்கள் அப்பா காலத்திலிருந்து நாங்கள் அரிசி வீடு. வருடத்துக்கு ஒரு மூட்டை. பணமாகக் கொடுக்க முடியாது, சாமானாகத்தான் கொடுக்க வேண்டும். அதுவும் தையல் பிரிக்காத மூட்டை. பிரித்த மூட்டையை, ஒரு கைப்பிடி எடுத்திருந்தாலும், தொட மாட்டார்கள். நீ தின்றதில் மிச்சத்தைச் சாமிக்குக் கொடுக்கிறாயா என்று கேட்பார்கள்.

யுகாதிக்கு நான்கு நாள் முன்னால், மத்தியானம் எங்கள் அன்னதானக் கூட்டத்தின் தலைவர் வந்தார். எனக்கு அண்ணன் முறை. மொத்த மளிகைக் கடை வைத்திருக்கிறார், கார் இருக்கிறது. கூட இரண்டு பேர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் கண் சுவரோரம் போய்விட்டது.

"என்னப்பா, வேலை போச்சுன்னாங்க. நம்ம கூட்டத்துல பேச்சாத்தான் இருக்குது."

"ஆமாங்ண்ணா."

"செரி, அத உடு. இந்தத் தடவை உன்னால முடியாதுன்னா சொல்லிப்போடு. அரிசிய வேற ஊட்டுக்கு மாத்தி உட்றலாம். தப்பா நெனைக்க மாட்டோம்." கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் தலையை ஆட்டினார்கள். "ஆனா ஒன்னு, மாத்துனா மாத்துனதுதான். நாளைக்கு வந்து கேக்கக் கூடாது."

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். இது என் அரிசி இல்லை, அண்ணா, என் பெண்டாட்டி சம்பளம். இந்த ஒரு வரிதான். ஆனால் கேட்டில் அட்டை வேலை செய்யாத அந்தக் காலைதான் கண் முன்னால் நின்றது. அங்கே போய்விட்டது, இங்கேயும் போனால் நான் யார்? வருடத்தில் ஒரு நாள் முந்நூறு பேர் "அண்ணன் கைப்பக்குவம்" என்று சொல்கிற அந்த ஒன்றுதான் என்னிடம் மிச்சம் இருந்தது. பிரித்திருந்தால் தப்பித்திருப்பேன். அந்த அரைமுழ நூலை இழுத்து விட்டிருந்தால் அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

"எதுக்குங்ண்ணா மாத்தோணும்? அதா இருக்குதுங்களே" என்றேன்.

நானே தூக்கிக்கொண்டு போய் கார் டிக்கியில் வைத்தேன். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள், வைத்துவிட்டு மூட்டையைத் தட்டிக் கும்பிடு வேறு போட்டேன்.

சாயங்காலம் மனைவி வந்தாள். பையை வைக்கவில்லை, சுவரோரம் பார்த்தாள், டிரம்மைத் திறந்து பார்த்தாள்.

"மூட்ட எங்கீங்க?"

"சாமிக்குக் குடுத்துட்டேன்."

"எந்தச் சாமி வந்து கேட்டுச்சு? கார்ல வந்துச்சா?"

பக்கத்து வீட்டுக்காரம்மா சொல்லியிருக்க வேண்டும். நான் வழக்கம், அப்பா காலம், பேர் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் முழுசாகச் சொல்லவே விடவில்லை.

"பேரு! உங்க பேர அவுச்சு டப்பாவுல போட்டுக் குடுத்தனுப்பட்டுமா? நா அவங்க அடுப்படில வெந்ததுக்கு, ரெண்டு மாசத்துக்கு அதுதானுங்க என்ற கூலி. அதத் தூக்கிக் குடுக்க நீங்க ஆருங்க? ஒரு வார்த்த கேட்டீங்களா? வேல போனப்ப நா ஒரு வார்த்த சொன்னனா உங்கள?"

சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. "சாமி காரியத்துல கணக்குப் பாக்காதடி" என்று கத்தினேன். கத்திய வேகத்தில் சின்னவள் அழ ஆரம்பித்தாள். மனைவி அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. வீட்டில் ரேஷன் அரிசியும் தீர்ந்தது. அடுத்த ரேஷனுக்கு இரண்டு வாரம் இருந்தது.

பிறகு களிதான். காலையும் களி, ராத்திரியும் களி, டப்பாவில் ராகி ரொட்டி. பெரியவள் எப்படியோ விழுங்கினாள். சின்னவளுக்குக் களி இறங்காது, உமட்டும், குழந்தையிலிருந்தே அப்படி. கோபம் வந்தால் அவளுக்குக் கன்னடம்தான் வரும். தட்டைத் தள்ளிவிட்டு, "நங்கே பேட! அன்ன பேக்கு!" என்றாள். வேண்டாமாம், சோறு வேண்டுமாம். முதுகில் ஒன்று வைத்தேன். அடித்த கையைப் பெரியவள் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அன்று சின்னவள் வெறும் மோரைக் குடித்துவிட்டுப் படுத்தாள். எனக்கு என்மேல் வந்த ஆத்திரத்தை அந்தச் சின்ன முதுகில் இறக்கினேன், வேறென்ன.

யுகாதிக்கு முதல் நாள் சாமான் லாரியில் மலைக்குப் போய்விட்டேன். வீட்டை விட்டுக் கிளம்பினால் போதும் என்றிருந்தது. மறுநாள் காலை அடுப்பு மூட்டி, உலை கொதித்ததும் தலைவர் கூப்பிட்டார்: "அரிசி ஊடு வந்து மூட்டயப் பிரிங்கப்பா." பருப்பு, வெல்லம், அரிசி என்று மூட்டைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் வீட்டுப் பெயர் எழுதியிருந்தது. என் மூட்டையின் நூலை நானே அறுத்தேன். என் பிள்ளைகளுக்காக ஒரு வாரம் பிரிக்காத மூட்டையை ஊராருக்கு ஒரு நொடியில் பிரித்தேன். அரிசி வாசனை குப்பென்று வந்தது. பழைய அரிசி, உதிரி உதிரியாக வேகும் ரகம்.

முதல் பந்திக்கு அரிசி வீட்டுக்காரன்தான் சோறு போட வேண்டும், அதுவும் வழக்கம். அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் குனிந்தபடியே போட்டுக்கொண்டு போனேன். மனிதரைப் பார்ப்பதில்லை, இலையைத்தான் பார்ப்போம். ஏழாவதோ எட்டாவதோ இலையில் ஒரு சின்னக் கை தண்ணீரைத் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தது. நகத்தில் பழைய மருதாணி. நிமிர்ந்தால் சின்னவள், அவளுக்கு அடுத்து பெரியவள், அதற்கடுத்து என் மனைவி.

இங்கே அரசு பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை, இலவசம். விடிகாலை முதல் பஸ்ஸைப் பிடித்து நின்றுகொண்டே வந்திருக்கிறார்கள். சாமி கும்பிட வந்தாளா என்றால், இல்லை. நேராகப் பந்திக்கு வந்திருக்கிறாள்.

என் கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

"போடுங்க," என்றாள். நான்கு நாளைக்குப் பிறகு முதல் பேச்சு. "எங்கூட்டு அரிசிதானுங்க. வெக்கப்படாமப் போடுங்க."

நன்றாக உரக்கத்தான் சொன்னாள். எதிர் வரிசைக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். போட்டேன். சின்னவள் சாம்பார் வருவதற்குள் வெறும் சோற்றையே அள்ளித் தின்ன ஆரம்பித்தாள். அவள் தின்ற வேகத்தைப் பார்க்க முடியவில்லை. அடுத்த இலைக்குப் போகவும் கால் வரவில்லை. மூன்றாவது தடவை கேட்டாள், மூன்றாவது தடவையும் போட்டேன்.

மனைவி சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கவில்லை. மடியிலிருந்த பையைத் திறந்து ஒரு தூக்குப்போசியை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். மூடியைக் கழற்றினாள். "இதுலயும்."

தலைவர் அந்தக் கோடியிலிருந்து பார்த்துவிட்டு ஓடி வந்தார். "ஏ, என்னப்பா இது? இங்க உக்காந்து திங்கறதுதான். கட்டிக் குடுக்கற வழக்கமில்லன்னு உனக்குத் தெரியாதா? ஊரு மொத்தமும் பாக்குது, மானத்த வாங்காதீங்க!"

அவரிடம் அப்போதும் என்னால் சத்தம் போட முடியவில்லை. பிள்ளை முதுகில் விழுந்த கை, பெண்டாட்டியைப் பார்த்துக் கத்திய வாய், இவர் முன்னால் மட்டும் கட்டிப்போட்டது மாதிரி நின்றது. அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. "மூட்டையில எங்க பேருதானுங்ண்ணா எழுதியிருக்குது" என்று மட்டும் சொன்னேன். சொல்லிவிட்டு உட்கார்ந்து, போசி நிறையச் சோற்றை அழுத்தி அழுத்தி வைத்தேன்.

அவர் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். இனி உன் வீடு அரிசி வீடு இல்லை என்றுகூடச் சொன்னார். மனைவி மூடியைத் திருகி மூடினாள். ஒரு தடவை கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவுங்கப்பன் அடிச்ச எடத்துல இன்னும் தடிப்பு இருக்குதுங்க, எண்ணெ போடணும்," என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டு, இரண்டு பிள்ளைகளையும் எழுப்பிக் கை கழுவக் கூட்டிக்கொண்டு போனாள்.